வால்வைப் பிரித்துப் பார்த்த அன்று

புளித்ததைப் பித்தளையில் வைக்கக்கூடாது என்பது எனக்குத் தெரியாததல்ல. எங்கள் ஆச்சி வீட்டில் ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் மோரோ ரசமோ ஊற்றி நான் பார்த்ததே இல்லை. உள்ளே ஈயம் தேய்ந்து மஞ்சள் தெரிந்துவிட்டால், ஈயம் பூசுகிறவர் தெருவுக்கு வரும்வரை அந்தப் பாத்திரம் பரணில்தான் கிடக்கும். அந்த வீட்டில் வளர்ந்த நான், கொம்புச்சா என்கிற புளித்த தேயிலைப் பானம் போடுகிற எவர்சில்வர் பானையின் அடியில் அரை இன்ச் பித்தளைக் குழாயை மாட்டினேன். பானை எவர்சில்வர்தான், குழாய் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிற சின்னச் சாமான், மேலே பளபளவென்று பூச்சு வேறு இருக்கிறது. இதில் என்ன வந்துவிடப் போகிறது என்று இருந்துவிட்டேன்.

அத்தைதான் கண்டுபிடித்தார்கள். காலையில் பிடிக்கிற முதல் தம்ளர் மட்டும் ஒரு மாதிரி இருக்கும், செம்புக் காசை நாக்கில் வைத்தது போல. அடுத்த தம்ளர் சரியாக இருக்கும். நான் அதைத் தேயிலையின் துவர்ப்பு என்று நினைத்துக் குடித்துக்கொண்டிருந்தேன். அத்தை ஒரு வாய் குடித்துவிட்டுத் தம்ளரைக் கீழே வைத்தார்கள். "ஏ பிள்ள, களிம்பு வாடை அடிக்கு. புளிச்சத யாராவது பித்தளையில ஊத்துவாகளா?"

குழாயைக் கழற்றிப் பார்த்தேன். பூச்சு வெளியே மட்டும்தான். உள்ளே வெறும் பித்தளை, அதிலும் புளிப்பு பட்ட இடமெல்லாம் செந்நிறமாக அரித்திருந்தது. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும். கடைசலுக்கு வசதியாகக் கொஞ்சம் ஈயமும் கலப்பார்கள். (இந்த ஈயம் காரீயம். பாத்திரத்துக்குப் பூசுவது வெள்ளீயம், அதில் கெடுதல் இல்லை.) நன்றாகப் புளித்த கொம்புச்சாவின் பி.எச். 3 அளவில் இருக்கும். ராத்திரி முழுக்கக் குழாயின் கழுத்தில் நிற்கிற கொஞ்சம் திரவம் அந்த உலோகத்தையெல்லாம் கரைத்து எடுத்துக்கொண்டு காலையில் முதல் ஆளாக வெளியே வருகிறது. அன்றைக்கே குழாயைத் தூக்கிப் போட்டேன். துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்த் துண்டு, அதாவது ஜி.ஐ. நிப்பிளும் இதே கதைதான், துத்தநாகம் கரையும்.

கொம்புச்சா என்றால் என்ன என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சர்க்கரை போட்டுக் காய்ச்சி ஆற வைத்த தேயிலைத் தண்ணீரை, பாக்டீரியாவும் ஈஸ்டும் சேர்ந்து வாழ்கிற ஒரு தடித்த தோல் புளிக்க வைக்கும். அந்தத் தோலைத் 'தாய்' என்போம். லிட்டருக்கு 70 கிராம் சர்க்கரை, பத்தில் ஒரு பங்கு முந்தைய சரக்கின் புளித்த நீர், ஏழிலிருந்து பத்து நாள். நம் ஊர் சித்திரை வெயிலில் ஐந்து நாளே போதும். வீட்டில் பீர், ஒயின் காய்ச்சுவது தமிழ்நாட்டில் சட்டப்படி குற்றம், 1937ஆம் வருடத்து மதுவிலக்குச் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. அதனால் நான் அந்தப் பக்கம் போகவில்லை. கொம்புச்சாவிலும் ஈஸ்ட் துளி ஆல்கஹால் உண்டாக்கும், அதில் பெரும்பகுதியைப் பாக்டீரியா அமிலமாக மாற்றிவிடும். இறுக மூடிய பாட்டிலில் வெக்கையில் போட்டு வைத்தால் ஆல்கஹால் ஏறும். ஆகவே பாட்டிலில் அடைத்த பிறகு ஃபிரிட்ஜ்தான். நான் விற்பதில்லை, சொந்தக்காரர்களுக்கும் தெருவில் நாலு வீட்டுக்கும் கொடுக்கிறேன். விற்க நினைப்பவர்கள் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

இதெல்லாம் ஊறுகாய் ஜாடியில் ஆரம்பித்தது. கேட்பவர்கள் கூடக் கூடத் திருநெல்வேலி டவுன் ரதவீதிப் பாத்திரக் கடையில் இருபது லிட்டர் பானை, அப்புறம் ஐம்பது லிட்டர் பானை. பானை பெரிதானால் தூக்கிக் கவிழ்க்க முடியாது. அடியில் ஒரு வழி வேண்டும். அந்த வழிக்கு எதைப் போடுவது என்பதில்தான் நான் இரண்டு வருடம் அலைந்தேன்.

பித்தளைக்கு அப்புறம் பிளாஸ்டிக் குழாய். தண்ணீர் டிரம்முக்கு மாட்டுகிற வகை. வெந்நீர் ஊற்றிக் கழுவிய இரண்டாவது மாதம் மரை வழுவிக் கசிய ஆரம்பித்தது. அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

மூன்றாவதாக ஜங்ஷன் பக்கம் ஒரு ஹார்டுவேர் கடையில் எஸ்.எஸ்., அதாவது எவர்சில்வர், பால் வால்வு வாங்கினேன் (இந்த 'பால்' குடிக்கிற பால் இல்லை, ஆங்கிலத்தில் பந்து). கையில் வைத்தால் நல்ல கனம், மேலே ஸ்டீலின் ரகம் 304 என்று பொறித்திருந்தது. தெஃப்லான் டேப் சுற்றி இறுக்கினோம். ஒரு சொட்டு கசிவில்லை. இனிமேல் கவலை இல்லை என்று ஆறு மாதம் நிம்மதியாக இருந்தேன்.

சித்திரையில் சரக்கு கெட்டது. நகப்பூச்சைத் துடைக்கிற திரவம் இருக்கிறதல்லவா, அந்த வாடை. ஒரு தடவை என்றால் வெயில் என்று விடலாம். நாற்பது லிட்டர், மறுபடி நாற்பது லிட்டர், இரண்டையும் தென்னை மூட்டில் ஊற்றினேன். தேயிலையைச் சந்தேகப்பட்டேன். முன்பெல்லாம் எங்கள் மலையில் விளைந்த மாஞ்சோலைத் தேயிலை வாங்குவேன். எஸ்டேட் வேலை நின்றுபோன பிறகு நீலகிரித் தேயிலைக்கு மாறியிருந்தேன். (மாஞ்சோலைத் தூளின் அந்த வாசம் இப்போதும் நினைவில் நிற்கிறது.) சர்க்கரையை மாற்றினேன், தாயை மாற்றினேன், பானையைச் சுற்றி ஈரச் சாக்கு போட்டுக் குளிர வைத்தேன். மூன்றாவது சரக்கும் அதே வாடை.

எங்கள் தெருவில் ஒரு அண்ணாச்சி இருக்கிறார். முப்பது வருடம் பால் பண்ணையில் பைப் லைன் பார்த்து ஓய்வு பெற்றவர். என் வீட்டுக்காரர் அவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அண்ணாச்சி சரக்கை மோந்துகூடப் பார்க்கவில்லை. குனிந்து வால்வைப் பார்த்தார்.

"இத எப்பம்மா கடைசியா பிரிச்சிய?"

"பிரிக்கவா? தினமும் வெந்நீர் ஊத்திக் கழுவுறேனே அண்ணாச்சி."

"கழுவுறத கேக்கல. பிரிச்சியளான்னு கேட்டேன்."

துவைக்கிற கல்லில் வைத்து, இரண்டு பைப் ரெஞ்சு போட்டு, வால்வின் உடம்பை இரண்டாகக் கழற்றினார். உள்ளே எஸ்.எஸ். உருண்டை. அதை வெளியே உருட்டி எடுத்ததும் புறவாசல் முழுக்க ஒரு நாற்றம் பரவியது, அழுகிய வாழைத்தண்டு மாதிரி. உருண்டை உட்கார்ந்திருந்த குழியில் மரக்கலரில் கொழகொழவென்று ஒரு பசை. அண்ணாச்சி அதில் ஈர்க்குச்சியை விட்டுத் தூக்கினார். நூல் மாதிரி நீண்டு வந்தது. நாற்பது லிட்டருக்கு உறை ஊற்றுகிற அளவுக்கு அங்கே சரக்கு இருந்தது.

அன்றைக்குத்தான் பால் வால்வு எப்படி வேலை செய்கிறது என்பதே எனக்கு விளங்கியது. உருண்டைக்கு நடுவே ஒரு துளை. திறந்தால் துளை குழாயோடு நேராகும், மூடினால் குறுக்கே திரும்பும். திரும்பும்போது துளையில் இருக்கிற திரவம் உள்ளே மாட்டிக்கொள்ளும். உருண்டைக்கும் உடம்புக்கும் நடுவே சுற்றிலும் ஒரு வெற்றிடம் இருக்கிறது, அதற்குள் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் போய்ச் சேரும். நான் திறந்து வைத்து வெந்நீர் ஊற்றியபோதெல்லாம் அது துளை வழியாக நேரே ஓடிவிட்டது. அந்தக் குழிக்குள் ஒரு நாளும் எட்டவில்லை. கிரைண்டரின் நடுத்தண்டு அடியில் மாவு தங்குமே, கல்லைத் தூக்காமல் மேலோடு கழுவினால் மறுநாள் நாறுமே, அதேதான்.

வால்வு திருகியிருந்த மரையிலிருந்து தெஃப்லான் டேப்பை உரித்தார். டேப்பின் உள்பக்கம் கறுப்பாக ஒரு கோடு, மரை போன வழியே சுற்றிச் சுற்றி ஓடியிருந்தது. வெளியே கசியவில்லை என்பதை மட்டுமே நான் பார்த்திருந்தேன். உள்ளே மரையின் பள்ளம் முழுக்கத் திரவம் ஏறி நின்றிருக்கிறது.

"பால்ல இத மாட்டுனா ஒரு நாள் தாங்காது," என்றார் அண்ணாச்சி. "உங்க சரக்கு புளிப்பா இருக்கப் போயி ஆறு மாசம் தாங்கிருக்கு."

சானிட்டரி ஃபிட்டிங் என்ற சொல்லை அதற்கு முன் குளியலறைச் சாமானுக்குத்தான் கேட்டிருக்கிறேன். பால், மருந்து, பானம் செய்கிற இடங்களில் அதற்கு அர்த்தம் வேறு. உள்ளே மரை இருக்கக்கூடாது, பள்ளம் இருக்கக்கூடாது, திரவம் தேங்கக்கூடாது, கையால் பிரித்துக் கழுவ முடிய வேண்டும். இந்த நாலும் இருந்தால் சானிட்டரி. விலையும் பளபளப்பும் அப்புறம். எந்தச் சாமானை வாங்கப் போனாலும் இன்று நான் கடைக்காரரிடம் முதலில் கேட்பது, "இதைப் பிரித்துக் காட்டுங்கள்" என்பதுதான். பிரிக்க முடியாது என்றால் எவ்வளவு நல்ல ஸ்டீலாக இருந்தாலும் வேண்டாம்.

நான் மாறியது டி.சி. (டிரை-கிளோவர்) கிளாம்ப் என்கிற இணைப்புக்கு. கடைகளில் டி.சி. என்றாலே புரியும். டி.சி. ஃபெரூல், டி.சி. எண்ட் வால்வு என்று கேட்க வேண்டும். குழாயின் முனையில் தட்டையான விளிம்பு, அதில் வட்டமாக ஒரு வாய்க்கால். அதுதான் ஃபெரூல். இரண்டு ஃபெரூலுக்கு நடுவே ஒரு கேஸ்கெட் உட்காரும். வெளியே இரண்டு கை மாதிரி ஒரு கிளாம்ப் கவ்வி, ஒரு சிறகு நட்டால் இறுகும். ரெஞ்சு வேண்டாம், டேப் வேண்டாம். கழற்றினால் உள்ளே வழவழவென்று நேர்க் குழாய், விரலை விட்டுத் துடைக்கலாம்.

அண்ணாச்சிக்கு எஸ்.எம்.எஸ். யூனியன் என்கிற இணைப்பின்மேல்தான் பிரியம். பால் பண்ணைகளில் அதுதான் அதிகம் என்பதால் கை பழகிவிட்டது. பெரிய நட்டு, அதற்குக் கொக்கி ஸ்பேனர். உறுதியில் குறையே சொல்ல முடியாது. ஆனால் ஈரக்கையோடு தனியாக நின்று வேலை செய்கிற எனக்கு, கழற்றுவது சுலபமாக இருந்தால்தான் தினமும் கழற்றுவேன். அதனால் இதில் மட்டும் நான் அவர் பேச்சைக் கேட்கவில்லை.

டி.சி. வாங்கும்போது ஒரு இடத்தில் நன்றாக ஏமாந்தேன், யாரும் ஏமாற்றவில்லை, அளவுதான் ஏமாற்றியது. ஒரு இன்ச் ஃபெரூலுக்கும் ஒன்றரை இன்ச் ஃபெரூலுக்கும் வெளி விளிம்பு ஒரே அளவு, 50.5 மில்லிமீட்டர். கிளாம்பும் ஒன்றுதான். பானையில் ஒன்றரை இன்ச் வைத்து, வால்வை ஒரு இன்ச் வாங்கிவிட்டேன். கச்சிதமாகப் பொருந்தியது, கசியவும் இல்லை. ஆனால் உள்ளே 35 மில்லிமீட்டர் துளையிலிருந்து 22 மில்லிமீட்டருக்குத் திடீரென்று ஒரு படிக்கட்டு. பானை முழுக்க வடிந்த பிறகும் அந்தப் படிக்குப் பின்னால் ஒரு கரண்டித் தண்ணீர் நின்றது. கேஸ்கெட்டிலும் இதே வம்பு. ஒரு இன்ச் கேஸ்கெட்டை ஒன்றரை இன்ச்சில் போட்டால் ரப்பர் உதடு உள்ளே துருத்தி நிற்கும், மாற்றிப் போட்டால் பள்ளம் விழும். வெளி விளிம்பை அளந்துவிட்டு வாங்காதீர்கள், உள் துளையையும் அளந்து சொல்லுங்கள். இரண்டு இன்ச் என்றால் விளிம்பு 64 மில்லிமீட்டர், அரை இன்ச்சுக்கும் முக்கால் இன்ச்சுக்கும் 25. ஐம்பது லிட்டர் பானைக்கு ஒன்றரை இன்ச் பெரிதாகத் தோன்றலாம். எனக்கு அதுதான் சரி. பாட்டில் கழுவுகிற பிரஷ் உள்ளே போகும், தாயிலிருந்து பிய்கிற இழைகள் அடைக்காது. வால்வுக்கு அந்தப் பக்கம் டி.சி. ஹோஸ் நிப்பிள் போட்டுச் சின்ன சிலிகான் டியூபுக்கு இறக்கிக்கொண்டேன்.

வால்வில் மூன்றைக் கையில் வைத்துப் பார்த்தேன். ரப்பர் சவ்வு அழுந்தி மூடுகிற டயாஃப்ரம் வால்வு எல்லாவற்றிலும் சுத்தம், அதன் விலைக்கு வீட்டில் நியாயமில்லை. மூன்று துண்டு டி.சி. பால் வால்வு நாலு போல்ட்டில் பிரியும், குழியை நிரப்புகிற மாதிரி சீட் (உருண்டை உட்காருகிற வளையம்) போட்டதும் கிடைக்கும். பரவாயில்லை. நான் எடுத்தது பட்டர்ஃப்ளை வால்வு. ஒரு தட்டு, அதைச் சுற்றி ஒரு ரப்பர் சீட், உடம்பு இரண்டு பாதி. இரண்டு போல்ட்டைக் கழற்றினால் மொத்தமும் கையில் வரும், ஒளிந்துகொள்ள இடமே இல்லை. தட்டு எப்போதும் ஓட்டத்தின் நடுவே நிற்கும் என்பது ஒரு குறை. தாயைத் தப்பித் தவறி வடிய விட்டால் தட்டில் மாட்டும். அதனால் தாயை முதலில் எடுத்துக் கிண்ணத்தில் வைத்துவிட்டே திறக்கிறேன்.

சரி, ஸ்டீல். நம் கடைகளில் எஸ்.எஸ். என்று கிடைப்பதில் நிறைய 202 ரகம். 304இல் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். 202இல் நிக்கலைப் பாதியாகக் குறைத்து மாங்கனீசு சேர்த்திருப்பார்கள், விலை இறங்கும், புளிப்பையும் உப்பையும் தாங்குகிற பலமும் இறங்கும். காந்தம் வைத்துப் பார்த்து ஒட்டவில்லை, அசல் என்று சொல்வார்கள். நம்பாதீர்கள். 202உம் காந்தத்தில் ஒட்டாது. ஸ்டீல் வியாபாரிகளிடம் ஒரு சொட்டு மருந்தும் ஒன்பது வோல்ட் பேட்டரியும் இருக்கும், மாங்கனீசு அதிகமிருந்தால் சொட்டு சிவந்துவிடும். என் பழைய இருபது லிட்டர் பானையில் வைத்தபோது குங்குமம் மாதிரி சிவந்தது. அதன் அடியில் பழுப்புப் புள்ளிகள் வந்ததற்குக் காரணம் அன்று தெரிந்தது. 316 என்றால் மாலிப்டினம் 2 முதல் 3 சதவீதம், இன்னும் நல்லது. ஆனால் கொம்புச்சாவுக்கு 304 போதும், அந்தக் காசை வால்வில் போடுங்கள்.

வெல்டிங்கில்தான் எனக்கு அதிகச் செலவு. பானையில் ஓட்டை போட்டு ஃபெரூலைப் பற்ற வைக்கப் பேட்டைப் பக்கம் ஒரு பட்டறையில் கொடுத்தேன். ஆர்கான் வெல்டிங்தான். வெளியே பார்த்தால் மல்லிகைச் சரம் தொடுத்தது போல அவ்வளவு அழகு. வீட்டுக்கு வந்து மொபைல் டார்ச்சை அடித்துப் பானைக்குள் தலையை விட்டுப் பார்த்தேன். வெளியே சரம் ஓடிய அதே வளையத்தில், உள்ளே கறுப்பாகப் பொரிந்து, கருகிய சர்க்கரை மாதிரி பொருக்குத் தட்டியிருந்தது. விரலை வைத்தால் சொரசொரவென்று கீறியது. சூட்டில் உள்பக்கம் காற்று பட்டால் ஸ்டீல் இப்படிக் கருகும். அந்தச் சொரசொரப்பில் கிருமி உட்கார்ந்துவிட்டால் எந்தப் பிரஷ்ஷும் எடுக்காது, குரோமியம் எரிந்துபோன அந்த இடத்தில்தான் துருவும் முதலில் பிடிக்கும். உள்பக்கத்திலும் ஆர்கான் வாயுவை நிரப்பிக்கொண்டு பற்ற வைக்க வேண்டும்.

இரண்டாவது பட்டறையில் நானே பக்கத்தில் நின்றேன். பானையைக் கவிழ்த்து, ஃபெரூல் வாயை அலுமினிய ஃபாயிலும் டேப்பும் போட்டு மூடி, உள்ளே ஒரு டியூபை விட்டு ஆர்கானைத் திறந்து, கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுத்தான் வெல்டர் பொறியை வைத்தார். உள்ளே வைக்கோல் நிறத்தில் லேசான ஒரு கோடு மட்டும். அதையும் மட்டமாகத் தேய்த்து பஃபிங் போட்டுக் கொடுத்தார். வெல்டிங் கறையை எடுக்கிற பிக்ளிங் பேஸ்ட்டை வீட்டுக்கு வாங்கி வராதீர்கள், அதில் இருக்கிற ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் தோலைத் தாண்டி எலும்பு வரை போகும். அது பட்டறை வேலை. வீட்டில் செய்யக்கூடியது எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் அமிலம். லிட்டருக்கு 50 கிராம் கரைத்து வெதுவெதுப்பாக அரை மணி நேரம் நிறுத்தி வைத்து அலசினால், ஒட்டியிருக்கிற இரும்புத் துகள் போய் ஸ்டீலின் மேல்தோல் உறுதிப்படும்.

கேஸ்கெட் சின்னச் சாமான், ஆனால் திரவம் தொடுகிற சாமான். சிலிகான், ஈ.பி.டி.எம்., தெஃப்லான் என்று மூன்று வகை எளிதில் கிடைக்கும். தெஃப்லான் எதற்கும் அசையாது, ஆனால் ஒரு தடவை நசுங்கினால் மீளாது. கறுப்பு ஈ.பி.டி.எம். வெந்நீரையும் காரத்தையும் நன்றாகத் தாங்கும். வெள்ளைச் சிலிகான் லேசாக இறுக்கினாலே அடைத்துவிடும், ஆனால் வாசனையைப் பிடித்துக்கொள்ளும். இஞ்சிச் சரக்குக்குப் போட்டதை அடுத்து நன்னாரிக்குப் போட்டேன், நன்னாரியில் இஞ்சி மணத்தது. ஆகவே இஞ்சிக்குத் தனி கேஸ்கெட் வைத்திருக்கிறேன். வாசனை பிடித்தாலும் எனக்கு வெள்ளைதான் இஷ்டம், அழுக்கு உடனே கண்ணில் தெரியும். சிறகு நட்டைக் கை இறுக்கத்துக்கு மேல் இறுக்கக்கூடாது. இறுக்கினால் கேஸ்கெட் பிதுங்கி உள்ளே வரும், அந்த விளிம்பு மறுபடி அழுக்குத் தங்குகிற இடம்.

தெர்மாமீட்டர் வைக்க, T எழுத்து மாதிரி கிளை பிரிகிற ஒரு 'டி' இணைப்பு போட்டிருந்தேன். அதன் கிளை நாலு இன்ச் நீளம். ஓட்டம் இல்லாத முட்டுச்சந்து. அண்ணாச்சி கணக்கு, கிளையின் நீளம் அதன் விட்டத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் போகக்கூடாது. அறுத்துச் சிறிதாக்கினேன். அந்தத் தெர்மாமீட்டர் ஆன்லைனில் வாங்கியது, அமெரிக்க மரை. நம் ஊர் மரையான பி.எஸ்.பி. அரை இன்ச்சுக்கும் அமெரிக்க மரையான என்.பி.டி. அரை இன்ச்சுக்கும் இன்ச்சுக்கு 14 சுற்று என்பது பொது, அதனால் இரண்டு மூன்று சுற்று நன்றாகவே ஏறும். ஆனால் மரையின் கோணம் இதில் 55 பாகை, அதில் 60. எவ்வளவு டேப் சுற்றினாலும் வேர்த்துக்கொண்டே இருந்தது. இப்போது அதுவும் டி.சி.

கழுவும் முறையில் ப்ளீச்சிங் பவுடரை மட்டும் கிட்டே சேர்க்காதீர்கள். குளோரின் ஸ்டீலில் ஊசி குத்தியது போல் ஓட்டை விழ வைக்கும், மிச்சம் மீதி அமிலத்தோடு சேர்ந்தால் விஷ வாயு வேறு. எங்கள் பகுதியில் போர் தண்ணீர் உப்பு, அதையும் கடைசி அலசலுக்கு எடுப்பதில்லை. தாமிரபரணித் தண்ணீர் வருகிற நாளில் பிடித்துக் காய்ச்சி வைத்துக்கொள்கிறேன். சரக்கு எடுத்த உடனே, காய்வதற்கு முன், எல்லாவற்றையும் பிரித்துவிடுவேன். லிட்டருக்கு 10 கிராம் சலவைச் சோடா கலந்த வெந்நீரில் பிரஷ் போட்டு, நன்றாக அலசி, அப்புறம் கொஞ்சம் எலுமிச்சை உப்புத் தண்ணீர், மறுபடி அலசல். அடுத்த சரக்கு போடும் அன்று வால்வு, கேஸ்கெட், நிப்பிள் எல்லாம் 80 டிகிரிக்கு மேல் இருக்கிற வெந்நீரில் பத்து நிமிடம். கழுவியதைப் பூட்டி வைக்க மாட்டேன். பிரித்த நிலையிலேயே துணியில் கவிழ்த்துக் காய வைப்பேன். பானையின் பின்கால்களுக்கு அடியில் உடைந்த டைல்ஸ் துண்டு ஒன்று வைத்திருக்கிறேன், வாய்ப் பக்கம் சரிந்து கடைசிச் சொட்டு வரை வடிவதற்கு.

பாத்திரக் கடைப் பானைக்கு டி.சி. மூடி மாட்டி உள்ளே சோடா மாதிரி கேஸ் ஏற்றலாமா என்று என் கொழுந்தன் கேட்டான். கூடாது. கிளாம்ப் அழுத்தத்தைத் தாங்கும், மெல்லிய தகட்டுப் பானை தாங்காது. அதேபோல் கொதிக்கிற வெந்நீர் ஊற்றிய பானையை இறுக மூடி ஆற விட்டாலும், உள்ளே ஆவி சுருங்கிப் பானை நசுங்கிவிடும். கேஸ் வேண்டுமென்றால் அழுத்தத்துக்கென்றே செய்த, ரிலீஃப் வால்வு வைத்த பாத்திரம் வேண்டும். உள்ளே அழுத்தம் இருக்கும்போது எந்தக் கிளாம்பிலும் கை வைக்கக்கூடாது.

முழுதாக மாற்றிக் கட்டிய பிறகு முதல் சரக்கை அண்ணாச்சிக்குக் கொடுத்தேன். குடித்துவிட்டு, "மோரு மாதிரி இருக்கு, நல்லாருக்கு," என்றார். அப்புறம் நேராகப் பானைக்குப் போய், சிறகு நட்டைத் திருகி, வால்வைக் கையில் எடுத்து, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து உள்ளே பார்த்தார். சீட்டின் ஓரத்தில் நகத்தை விட்டு ஓட்டி, நகத்தை மோந்து பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் திரும்ப மாட்டினார். போகும்போது, "கேஸ்கெட்டு ரெண்டு கூட வாங்கி வச்சிக்கிடுங்கம்மா, ஞாயித்துக்கெழமை கிழிஞ்சா கடை இருக்காது," என்றார். மறுநாளே நாலு வாங்கிச் சம்படத்தில் போட்டு வைத்தேன்.